அடுத்தவர் வீட்டைக் காட்டி “கர்த்தருடைய கை பாரமாயிருக்கிறது” என்று சொல்லலாமா?

கோபி_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பேச்சு குழறுகிறது, ஆனால் மற்றவர்கள் பேசுவது எல்லாமே அவருக்கு நன்றாகப் புரிகிறது. பார்க்க வந்த ஒருவர், ஜெபம் முடிந்து எழும்போது, “கர்த்தருடைய கை இந்த வீட்டின்மேல் பாரமாயிருக்கிறது, எங்கே குறை இருக்கிறது என்று ஆராய்ந்து பாருங்கள்” என்று மாமா காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் மாமா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

வேதத்தில் தேவனுடைய கை, புயம், விரல் என்று எவ்வளவோ இடத்தில் வருகிறது. செங்கடலைப் பிளந்தபோதும் கை, வாதை வந்தபோதும் கை, எசேக்கியேல் தீர்க்கதரிசிக்குத் தரிசனம் வந்தபோதும் கை. எங்கள் சபையில் பையனுக்கு வேலை கிடைத்தாலும் கர்த்தருடைய கரம் என்றுதான் சாட்சி சொல்கிறார்கள், கிணறு வற்றினாலும் அதையேதான் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தக் கை எதற்கு அடையாளம்? வல்லமைக்கா, தண்டனைக்கா, பாதுகாப்புக்கா? நோயில் படுத்திருப்பவரைப் பார்த்து இன்னொருவர் அப்படிச் சொல்ல வேதத்தில் இடம் இருக்கிறதா? மாமாவுக்கு நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் வசனத்தோடு சொல்லுங்கள்.


நொய்யல்கரை_வாத்தியார் எழுதியது:

அம்மிணி, முதலில் மாமனாருக்குத் தைரியம் சொல்லுங்கள். எங்கள் வீட்டு ஜெபத்திலும் அவரை நினைத்துக்கொள்கிறோம்.

கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். “பலத்த கையினாலும், ஓங்கிய புயத்தினாலும்” என்று உபாகமத்தில் திரும்பத் திரும்ப வருகிறதே, அந்தப் பேச்சு எந்த ஊரைப் பற்றி வருகிறது என்று பாருங்கள். எகிப்தைப் பற்றித்தான். எகிப்தியர் தங்கள் ராஜாவைச் செதுக்கிய சிற்பங்களில் ஒரு காட்சி மாறாமல் இருக்கும்: பார்வோன் ஒரு கையால் எதிரியின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு மறுகையில் கதாயுதத்தை ஓங்கி நிற்பான். ஏறக்குறைய கி.மு. 3100 காலத்து நார்மர் பலகையில் இருக்கும் அதே காட்சி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த ராம்சேஸ் காலத்துக் கோயில் சுவர்களிலும் இருக்கிறது. எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் 1887இல் களிமண் கடிதங்கள் கிடைத்தன, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் எருசலேமை ஆண்ட அப்தி-ஹெபா என்பவன் பார்வோனுக்கு எழுதியவையும் உண்டு. இந்தப் பதவியை எனக்குத் தகப்பனும் தாயும் கொடுக்கவில்லை, ராஜாவின் பலத்த புயம்தான் கொடுத்தது என்று எழுதுகிறான். அந்தக் காலத்தில் பலத்த புயம் என்றாலே உலகத்துக்குப் பார்வோன்தான் ஞாபகம் வருவான்.

அந்தப் பார்வோனிடம் செங்கல் அறுத்துக் கொண்டிருந்த இஸ்ரவேல் ஜனங்கள், பலத்த கை அவனுடையது இல்லை, எங்கள் தேவனுடையது என்று சொன்னார்கள். பல அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆக, அந்தக் கை வல்லமைக்கு அடையாளம்தான், ஆனால் யார்மேல் ஓங்கப்பட்டது, யாருக்காக ஓங்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உபாகமம் 5:15 வாசியுங்கள். கர்த்தர் உன்னைப் பலத்த கையினாலும் ஓங்கிய புயத்தினாலும் புறப்படப்பண்ணினார், ஆகையால் ஓய்வுநாளைக் கைக்கொள் என்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், மாடும் கழுதையும்கூட வேலை செய்யக்கூடாது என்றிருக்கிறது. செங்கடலைப் பிளந்த கையைச் சொல்லிவிட்டு, அதற்காகக் கேட்பது கூலிக்காரனுக்கு ஒரு நாள் ஓய்வு. திருப்பூரில் இரவும் பகலும் ஷிஃப்ட் பார்த்த ஜனங்களுக்கு நான் வேதபாடம் எடுத்திருக்கிறேன், இந்த வசனத்தை வாசித்தால் யாரும் அவசரமாக அடுத்த வசனத்துக்குப் போகமாட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக. பேன் வாதையில் மந்திரவாதிகள் கைவிரித்துவிட்டு “இது தேவனுடைய விரல்” என்று பார்வோனிடம் சொல்கிறார்கள், யாத்திராகமம் 8:19. கற்பலகைகளில் எழுதியதும் தேவனுடைய விரல்தான், 31:18. இயேசு பிசாசுகளைத் துரத்துவதும் தேவனுடைய விரலினாலே என்று லூக்கா 11:20இல் இருக்கிறது. எசேக்கியேல் புத்தகத்தில் கர்த்தருடைய கை அவர்மேல் வந்தது என்றால் அடுத்து ஒரு தரிசனம் வருகிறது என்று அர்த்தம், உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கும் அப்படித்தான் தொடங்குகிறது. எலியா தீர்க்கதரிசியின்மேல் அந்தக் கை இருந்ததினால் அவர் ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடினார். இத்தனை வேலை செய்கிற கையைத் தண்டனை என்ற ஒரே கொட்டடியில் அடைப்பது வேதத்துக்கு நியாயமில்லை.


சோமனூர்_தறி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னது சரிங்க, ஆனால் தண்டிக்கிற கையையும் மறைக்கக்கூடாது. பெலிஸ்தியர் ஊரான அஸ்தோத்தில் ஜனங்களுக்கு மூலவியாதி வந்தது எதனால்? “கர்த்தருடைய கை அவர்கள்மேல் பாரமாயிருந்தது” என்று 1 சாமுவேல் 5:6 நேரடியாகச் சொல்கிறது. தாவீது தன் பாவத்தை மறைத்து வைத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது “இரவும் பகலும் என்மேல் உம்முடைய கை பாரமாயிருந்ததினால்” என்கிறார், சங்கீதம் 32. ஏசாயாவில் “இன்னும் அவருடைய கை நீட்டினபடியே இருக்கிறது” என்று மறுபடி மறுபடி வருவதும் கோபத்தைப் பற்றித்தான். புதிய ஏற்பாட்டிலும் உண்டு, அப்போஸ்தலர் 13இல் எலிமா என்ற மாயவித்தைக்காரனைப் பார்த்துப் பவுல், கர்த்தருடைய கை உன்மேல் வந்திருக்கிறது, நீ குருடனாவாய் என்று சொல்ல, உடனே கண் மங்கிப்போகிறது. இப்போது பல சபைகளில் ஆசீர்வாதம் மட்டும்தான் பிரசங்கம், கேட்பதற்கு இதமாக இருக்கும், ஆனால் பாவத்தைக் கண்டிக்காத தேவன் வேதத்தில் சொல்லப்பட்ட தேவன் இல்லை. வந்தவர் பேசிய விதம் தப்பாக இருக்கலாம், அந்த வசனம் தப்பு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.


கோபி_மருமகள் எழுதியது:

அண்ணா, வசனம் தப்பு என்று நான் சொல்லவில்லைங்க. என் மாமா வாழ்நாள் முழுக்க வாய்க்கால் தண்ணீர் முறையில்கூட அடுத்த தோட்டத்துக்காரர் நேரத்தைத் தொடாதவர். அவர் பாவமே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை, எல்லோரையும் போலத்தான். அந்த வசனம் அவருக்குரியதுதான் என்று அவருக்கு முன்னால் சொல்ல இன்னொருவருக்கு என்ன உரிமை என்பதுதான் என் கேள்வி.


கருமத்தம்பட்டி_பங்கு எழுதியது:

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கன், செபமாலை மாதா கோயில் பங்கு. தங்கச்சி கடைசியாகக் கேட்ட கேள்விதான் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன், அதற்கு யோபு ஆகமத்தில் தெளிவான பதில் இருக்கிறது.

யோபு 19:21 எடுத்துக்கொள்ளுங்கள். “எனக்கு இரங்குங்கள், எனக்கு இரங்குங்கள்” என்று, எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடக்கும் யோபு தன் நண்பர்களைப் பார்த்து இரண்டு முறை கெஞ்சுகிறார். காரணம் என்ன சொல்கிறார்? கடவுளின் கை என்னைத் தொட்டுவிட்டது என்பதுதான் காரணம். அதாவது, ஒருவன்மேல் கடவுளின் கை விழுந்திருக்கிறது என்பது உண்மையாகவே இருந்தாலும், பக்கத்தில் இருப்பவனுக்கு அதிலிருந்து வருகிற கடமை இரக்கம் ஒன்றுதான். அந்த நண்பர்கள் செய்தது வேறு, நீ ஏதோ செய்திருக்கிறாய், யோசித்துப் பார் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். அவர்கள் பேச்சை மட்டும் தனியாக எடுத்து வாசித்தால் நல்ல மறையுரை போலவே இருக்கும், பயபக்தி உண்டு, மேற்கோள் உண்டு, எல்லாம் உண்டு. கடைசியில் 42:7இல் ஆண்டவர் எலிப்பாசிடம், உன்மேலும் உன் இரு நண்பர்கள்மேலும் எனக்குக் கோபம், என் ஊழியன் யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபுவோ கடவுளை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டவர், உம் கையை என்னைவிட்டு எடும் என்று சத்தம் போட்டவர். அவர் பேசியது சரி, இவர்கள் பேசியது தவறு என்று தீர்ப்பு வருகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு இந்த ஒரு அதிகாரம் போதும்.

ரூத் ஆகமத்தில் வரும் நகோமியும் அப்படித்தான். கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் பறிகொடுத்துவிட்டு, ஆண்டவருடைய கை எனக்கு விரோதமாகத் திரும்பிவிட்டது என்று அவரே சொல்கிறார். வாய்விட்டு அழுகிற உரிமை அவருக்கு இருந்தது. அந்தப் புத்தகம் முழுக்கத் தேடிப் பாருங்கள், பெத்லகேமில் ஒரு பெண்கூட ஆமாம், உன்மேல் கைதான் என்று அவரிடம் சொல்லவில்லை. மருமகள் ரூத்துக்குக் குழந்தை பிறந்தபோதுதான் ஊர்ப் பெண்கள் ஆண்டவர் பெயரை எடுக்கிறார்கள், அதுவும் வாழ்த்துவதற்கு. சோமனூர் அண்ணா சொன்ன சங்கீதம் 32உம் “என்மேல்” என்றுதான் சொல்கிறது, கவனித்தீர்களா? படுக்கையில் இருப்பவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஜெபம். வருகிறவர் அதைச் சொன்னால் தீர்ப்பு.

அப்புறம் அஸ்தோத் கதை. அண்ணா அதைப் பாதியில் விட்டுவிட்டார், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே அதற்கப்புறம்தான் வருகிறது. இஸ்ரவேலரின் உடன்படிக்கைப் பெட்டியைப் பெலிஸ்தியர் பிடித்துக்கொண்டு வந்து, தங்கள் தெய்வமான தாகோனின் கோயிலில் வைத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் தாகோனின் தலையும் இரண்டு கைகளும் உடைந்து வாசற்படியில் கிடக்கின்றன. கைகள் உடைந்தன என்று ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள் என்றால், ஒரு வசனம் தள்ளி ஆண்டவருடைய கை பாரமாயிருந்தது என்று வரப்போகிறது. எந்தக் கைக்கு வலிமை உண்டு என்பதை ஒரு விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்கள். சரி, அதன் பிறகு பெலிஸ்தியப் பூசாரிகள் என்ன செய்தார்கள்? இது அவருடைய கைதானா, அல்லது தற்செயலாக வந்ததா என்று சோதித்துப் பார்த்தார்கள், 6:9. நுகத்தடியே பார்க்காத இரண்டு கறவைப் பசுக்களைப் புது வண்டியில் பூட்டி, பெட்டியை அதில் ஏற்றி, கன்றுகளைப் பிரித்து வீட்டில் அடைத்தார்கள். பசுக்கள் தாமாகவே இஸ்ரவேலர் ஊரான பெத்சமேசுக்குப் போனால் அது அவருடைய கைதான் என்று வைத்துக்கொண்டார்கள். மாடு வளர்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். பால் கொடுக்கிற மாடு கன்று கட்டியிருக்கிற பக்கம்தான் திரும்பும், அதிலும் வண்டி பழகாத மாடு என்றால் இரண்டும் இரண்டு பக்கம் இழுத்து நுகத்தையே முறித்துவிடும். அவை கத்திக்கொண்டே, வலமும் இடமும் திரும்பாமல், பெத்சமேசுக்கு நேராகப் போயின. நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஊரே வியாதியில் கிடந்தபோதுகூட அந்தப் புறவினத்துப் பூசாரிகள் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். பத்து நிமிடம் பார்க்க வந்தவர் அந்த வாசலைச் சாத்திவிட்டுப் போகிறார்.

எலிமா விஷயத்தில் பேசியவர் தூய ஆவியால் நிறைந்த பவுல், கேட்டவன் நற்செய்தியை வேண்டுமென்றே தடுத்தவன். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை அந்த இடத்தில் நிறுத்துவது எந்த விதத்திலும் பொருந்தாது.


பல்லடம்_விவசாயி எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லைங்க, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அதனால் இந்தக் கதைகள் கொஞ்சம் தெரியும். பெல்ஷாத்சார் ராஜா விருந்து நடக்கும்போது ஒரு கைவிரல்கள் மட்டும் தோன்றிச் சுவரில் எழுதும் என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பே பயந்து உட்கார்ந்திருந்தது. எலியா காலத்தில் மூன்று வருடம் மழை இல்லாமல் கடைசியில் ஒரு மனுஷன் கையளவு மேகம் கடலில் இருந்து எழும்பும் என்பதும் மறக்கவில்லை, எங்களுடையது வானம் பார்த்த பூமி, அந்தக் கையளவு மேகத்துக்கு நாங்களும் அண்ணாந்துதான் நிற்கிறோம்.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கோயில்களில் சாமி அபய கரம் காட்டி நிற்கும். பயந்து வருகிறவனுக்கு அந்தக் கையைப் பார்த்தாலே போதும், சாமி பயப்படாதே என்கிறது என்று மனசு இறங்கும். உங்கள் வேதத்தில் கடவுளுக்கு உருவம் செய்யக்கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் எங்கு பார்த்தாலும் கை, விரல், புயம், உள்ளங்கை என்று பேச்சு. உருவமே இல்லாதவருக்கு எதற்காகக் கை? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


நொய்யல்கரை_வாத்தியார் எழுதியது:

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது தம்பி, நல்ல கேள்வி. உபாகமம் 4ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்தால் நீங்கள் கேட்ட இரண்டும் அதற்குள்ளேயே இருப்பது தெரியும். 15ஆம் வசனம், ஓரேப் மலையில் கர்த்தர் பேசின நாளில் நீங்கள் ஒரு உருவத்தையும் காணவில்லை என்கிறது. அதே அதிகாரம் 34ஆம் வசனத்தில் பலத்த கை, ஓங்கிய புயம் என்கிறது. எழுதியவருக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கண்ணால் கண்டது விடுதலையை, அதைச் செய்தவரைக் காணவில்லை, அப்போது நடந்த செயலுக்கு அவர்கள் வைத்த பேர்தான் கை. கை என்றால் செயல். உம்முடைய மகிமையைக் காண்பியும் என்று மோசே கேட்டபோதும், கன்மலையின் வெடிப்பில் வைத்து என் கரத்தினால் உன்னை மூடுவேன் என்றுதான் தேவன் சொல்கிறார். அங்கே கை காட்டவில்லை, மறைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், கடவுளைப் பற்றி வரும் கை, கால், கண் எல்லாம் மனுஷருக்குப் புரிவதற்காகச் சொன்னவை, அவருக்குச் சரீரம் இல்லை என்று மிக உறுதியாக வாதாடினார்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். சிரியாவில் ஐபிராத்து நதிக்கரையில் தூரா யூரோப்பஸ் என்ற பழைய ஊர். அங்கே 1932இல் ஒரு யூத ஜெபஆலயத்தைத் தோண்டி எடுத்தார்கள், அதன் சுவர் ஓவியங்கள் கி.பி. 244, 245 வாக்கில் தீட்டப்பட்டவை. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகிற காட்சியிலும், எசேக்கியேலின் எலும்புப் பள்ளத்தாக்குக் காட்சியிலும் மேலே இருந்து ஒரு கை மட்டும் நீண்டு வருகிறது. முகம் இல்லை, உடல் இல்லை. ஆரம்பகாலக் கிறிஸ்தவ ஓவியங்களிலும் பிதாவுக்குப் பெரும்பாலும் அந்தக் கைதான் அடையாளம். தாடி வைத்த பெரியவராகக் கையை நீட்டிக்கொண்டு மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் ஆலயக் கூரையில் வரைந்தது 1512இல் முடிந்தது, அது மிகவும் பிந்தையது. எனக்கு அந்தப் பழைய, தனிக் கைதான் வேதத்துக்கு நெருக்கமானது என்று தோன்றும்.

கோபி அம்மிணிக்கு ஒரு விஷயம் விட்டுப்போச்சு. எஸ்றாவும் நெகேமியாவும், பெர்சியா ராஜாவின்கீழ் இருந்த யூதத் தலைவர்கள். எஸ்றா எருசலேமுக்குப் புறப்படும்போது, எங்கள் தேவனுடைய கரம் அவரைத் தேடுகிற எல்லோர்மேலும் நன்மைக்காக இருக்கிறது என்று ராஜாவிடம் சொல்லிவிட்டதால், வழிக்குப் படைவீரர் கேட்க வெட்கப்பட்டு, உபவாசம் இருந்துவிட்டுப் பாதுகாப்பு இல்லாமலேயே போனார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். நெகேமியாவோ ராஜா அனுப்பிய படைத்தலைவரோடும் குதிரைவீரரோடும் போனார், அவரும் தேவனுடைய தயவுள்ள கரம் என்மேல் இருந்தது என்றுதான் எழுதுகிறார். ஒருவர் காவலை வேண்டாம் என்றார், ஒருவர் கூட்டிக்கொண்டு போனார், இருவர்மேலும் இருந்தது ஒரே கை. பிசியோதெரபி எதற்கு, விசுவாசம் இருந்தால் போதும் என்று அடுத்து யாராவது வந்து சொல்வார்கள், அப்போது உங்களுக்கு உதவும்.


கோபி_மருமகள் எழுதியது:

ஐயா, ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்ங்க. உங்கள் பதிலை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன், பிசியோதெரபிக்கு வருகிறவரை நிறுத்தப்போவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒரு உதவி. சாயங்காலம் மாமாவுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது என் வேலை. கை என்று வருகிற பகுதிகளில் எதை வாசிக்கலாம்? சூம்பின கையை இயேசு சொஸ்தமாக்கினாரே, அது இருக்கட்டுமா?


பொள்ளாச்சி_நர்ஸ் எழுதியது:

கண்ணு, நான் பக்கவாத நோயாளிகளை ரொம்ப வருஷமாகப் பார்க்கிறவள், அதனால் சொல்கிறேன். சூம்பின கை இப்போது வேண்டாம். லூக்கா 6ஆம் அதிகாரத்தில் அந்த மனுஷனுக்கும் வலதுகைதான் சூம்பியிருந்தது என்று எழுதியிருக்கிறது. உங்கள் மாமா அதைக் கேட்டால் அவன் கை நீண்டது, என் கை ஏன் நீளவில்லை என்று ராத்திரி முழுக்கத் தனக்குள் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார், பேச்சு வராததால் உங்களிடம் கேட்கவும் முடியாது. அவரே ஒரு நாள் அதை வாசி என்று சைகை காட்டினால் வாசியுங்கள்.

சங்கீதம் 139இல் தொடங்குங்கள். கடலின் கடைசி எல்லைக்குப் போனாலும் “அங்கேயும் உமது கை என்னை நடத்தும், உமது வலதுகரம் என்னைப் பிடிக்கும்” என்று வருகிறது, அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஏசாயா 49இல் தாய் மறந்தாலும் நான் மறப்பதில்லை, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன் என்பது அடுத்து. அப்புறம் ஏசாயா 53. கர்த்தருடைய புயம் யாருக்கு வெளிப்பட்டது என்று கேட்டுவிட்டு, ஓங்கிய புயத்தை எதிர்பார்த்து நிற்கிற நமக்கு அந்தத் தீர்க்கதரிசி காட்டுவது அசட்டைபண்ணப்பட்டு, பாடு அனுபவித்த ஒருவரை. அவரைப் பார்த்தும் ஜனங்கள் தேவனால் அடிபட்டவர் என்றுதான் நினைத்தார்கள், நான்காம் வசனம், அவர்கள் நினைத்தது தப்பு. இதை மாமாவுக்கு மெதுவாக வாசியுங்கள்.


கருமத்தம்பட்டி_பங்கு எழுதியது:

அக்கா 53ஐச் சொன்னது ரொம்பப் பொருத்தம். எங்கள் விவிலியத்தில் சாலமோனின் ஞானம் 3ஆம் அதிகாரத்தில், நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன என்று வரும். துன்பப்பட்டவர்களைப் பார்த்தவர்கள் அதைத் தண்டனை என்று எண்ணினார்கள், அவர்களோ அமைதியாக இருக்கிறார்கள் என்று அடுத்த வரிகள் போகும். உங்கள் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இருக்காது, எங்கள் ஆட்கள் யாரிடமாவது வாங்கிப் பாருங்கள்.


சோமனூர்_தறி எழுதியது:

எல்லோர் பதிலையும் படித்தேன். கண்டிக்கிற கை உண்டு என்பதில் நான் மாறவில்லை. ஆனால் தங்கச்சி, உங்கள் மாமனாருக்கு 2 சாமுவேல் 24:14ஐயும் வாசித்துக் காட்டுங்கள். தாவீது ஜனங்களைத் தொகையிட்டுப் பாவம் செய்தது அவருக்கே தெரியும், தண்டனை வரப்போவதும் தெரியும், மூன்று தண்டனைகளில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று சொன்னபோது அவர் கேட்டது, கர்த்தருடைய கையிலே விழுவோமாக, அவருடைய இரக்கங்கள் மகா பெரியது, மனுஷர் கையிலே விழாதிருப்பேனாக என்றுதான். குற்றம் செய்தவனே அந்தக் கையை நம்பி விழுந்தான் என்றால், உங்கள் மாமா எதற்காகப் பயப்பட வேண்டும்? வந்தவர் மறுபடி வந்து அதே பேச்சை எடுத்தால், பெரியவர் காதில் விழாதபடி வெளியே திண்ணையில் உட்கார வைத்து யோபு 42ஐ அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆயரிடமும் சொல்லி வையுங்கள், நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களிடம் எதைப் பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்று சபையில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வீட்டுக்கும் நல்லது.